அத்தைக்கு நிஜமாகவே வலிக்கிறதா?

கேள்வி: பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. என் மாமியாருக்கு 71 வயது. சின்ன வயதிலிருந்து நடவு, களை என்று வயலிலேயே கிடந்தவர். ஆறேழு வருஷமாக இரண்டு முட்டியும் இடுப்பும் வலி. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை தினமும் இரண்டு. நாலைந்து மாதமாகச் சந்தைக்கு வரும் ஒருவரிடம் ஏதோ பொடி வாங்கிச் சாப்பிடுகிறார். முதலில் நன்றாகக் கேட்டது, இப்போது முகம் உப்பியிருக்கிறது, சர்க்கரையும் ஏறிவிட்டது. ராத்திரியெல்லாம் பாதம் எரிகிறது என்று தூங்குவதில்லை. ஒரு வேலையும் செய்ய வேண்டாம் என்று நானே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன், ஆனாலும் வலி கூடிக்கொண்டேதான் போகிறது. காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை என்று அழுகிறவர், சாயங்காலம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். நாத்தனார், அம்மாவை நான் சரியாகக் கவனிக்கவில்லை என்கிறார். கணவர் திருப்பூரில் வேலை, ஆபரேஷன் பண்ணிவிடலாமா என்று போனில் கேட்கிறார். அத்தைக்கு நிஜமாகவே அவ்வளவு வலி இருக்கிறதா? தினமும் கொடுத்தாலும் ஆபத்தில்லாத மாத்திரை எது? ஆபரேஷன்தான் வழியா?

பதில்: சகோதரி, மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அந்தப் பொடி.

பெயரில்லாத, சீட்டு ஒட்டாத ஒரு பொடி சாப்பிட்ட சில நாளில் வலி பறந்துவிட்டது, அப்புறம் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது என்று யார் சொன்னாலும் எந்த மருத்துவருக்கும் முதலில் வரும் சந்தேகம் ஸ்டீராய்டுதான், வீக்கத்தையும் வலியையும் சட்டென்று அடக்கும் ஹார்மோன் வகை மருந்து அது. நாட்டு மருந்து என்ற பெயரில் விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலப்பது பல காலமாக நடக்கிறது. இங்கே ரொம்பக் கவனமாக ஒன்றைப் படியுங்கள்: பயந்துபோய் இன்றைக்கே பொடியைக் குப்பையில் போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு உள்ளே போனால், உடம்பு தானாகச் சுரக்கும் அளவைக் குறைத்துக்கொண்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் ஆள் துவண்டுபோவது, வாந்தி, பிரஷர் இறங்கி மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகப் போகலாம். நாளைக் காலையிலேயே அத்தையை அழைத்துக்கொண்டு, மீதிப் பொடி, மெடிக்கல் மாத்திரை அட்டை, சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, வீட்டில் உள்ள தைலம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், 'பொடி சாப்பிடுறாங்க' என்பதை வெட்கப்படாமல் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு என்று அவர்கள் முடிவுக்கு வந்தால், அளவு தெரிந்த மாத்திரையாக மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். குறைக்கும் நாட்களில் வலி முன்பைவிட அதிகமாகத் தெரியும், பொடிதான் நல்லது என்று அத்தை அடம்பிடிப்பார், அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

சரி, நீங்கள் எழுதியதிலேயே என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். நிஜமாகவே வலிக்கிறதா என்ற கேள்வி.

வலிக்கிறது. சந்தேகமே வேண்டாம். காலையில் அழுததும் நிஜம், சாயங்காலம் சிரித்ததும் நிஜம். தேய்ந்த முட்டி ராத்திரி முழுக்க அசையாமல் இருந்துவிட்டுக் காலையில் இறுகிப்போய் நிற்கும், கொஞ்சம் நடமாடினால் அரை மணிக்குள் விடும். இதுதான் தேய்மானத்தின் குணம். (இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கியிருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம், வைத்தியமே வேறு, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.) அப்புறம், பேச ஆள் கிடைத்தால் மூளைக்குப் போகிற வலி நிஜமாகவே குறைந்து உணரப்படும், தனியாக விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தால் அதே வலி இரண்டு மடங்காகத் தெரியும். பக்கத்து வீட்டுத் திண்ணை அத்தைக்கு ஒரு மருந்து, அதை வைத்து 'அங்கே மட்டும் வலிக்கலையா?' என்று யாரும் கேட்டுவிடாதீர்கள், கேட்டால் அடுத்த நாளிலிருந்து போக மாட்டார். வலி பற்றிய ஆய்வுக்கான உலகச் சங்கம் 2020இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதி வைத்தது. எக்ஸ்ரேயில் முட்டி மோசமாகத் தெரிகிறவர் நன்றாக நடப்பார், படத்தில் கொஞ்சமே தேய்ந்தவர் துடிப்பார். வலியை அளக்கக் கருவி கிடையாது, அத்தையின் வாய்தான் கருவி.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம், அத்தைக்கோ ஆறேழு வருஷம். இத்தனை வருஷமானபின் வலி முட்டியில் மட்டும் இருப்பதில்லை. தூக்கம் போகிறது, தூக்கம் போனால் வலி கூடுகிறது, வலிக்குப் பயந்து அசையாமல் இருப்பதால் தொடைத் தசை வற்றுகிறது, தசை வற்றினால் முட்டி தாங்கவேண்டிய சுமை ஏறுகிறது, மறுபடி வலி. இந்தச் சுற்றில் ஏதாவது ஓர் இடத்தில் கை வைத்து நிறுத்துவதுதான் வீட்டில் நாம் செய்யக்கூடியது. வலியே இல்லாமல் ஆக்கிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பொடி விற்றவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

ஆகவே அத்தையிடம் போய் உட்கார்ந்து ஒரு கேள்வி கேளுங்கள்: 'அத்தை, வலி கொஞ்சம் குறைஞ்சா முதல்ல என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க?' தெருமுனைக் கோயில்வரை நடந்து போகணும் என்பார், ஆட்டுக்குத் தழை ஒடிச்சுப் போடணும் என்பார், ஆவணி ஞாயிற்றுக்கிழமையில் புன்னைநல்லூர் மாரியம்மனைப் பார்க்கணும் என்பார். எதுவாக இருந்தாலும் அதுதான் இனிமேல் வைத்தியத்தின் இலக்கு. 'இன்னிக்கு வலி எப்படி?' என்று தினமும் கேட்பதை நிறுத்திவிட்டு, 'இன்னிக்கு எதுவரைக்கும் நடந்தீங்க?' என்று கேளுங்கள். வலி அப்படியே இருந்தாலும் நடக்கிற தூரம் கூடினால் நாம் சரியான வழியில்தான் போகிறோம்.

இப்போது மாத்திரை. மெடிக்கலில் வலிக்கு என்று கேட்டால் பெரும்பாலும் கையில் கிடைப்பது டைக்ளோஃபெனாக், அல்லது அசிக்ளோஃபெனாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. அடிபட்ட இளவட்டம் மூன்று நாள் சாப்பிட்டால் அது வேறு. 71 வயதில், சர்க்கரையும் பிரஷரும் இருக்கும்போது தினமும் இரண்டு என்றால் சிறுநீரகம், வயிறு, இதயம் மூன்றையும் ஒரே நேரத்தில் இடிக்கிறது. பிரஷருக்கு டெல்மிசார்டான் மாதிரி மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் இதையும் சேர்த்தால் சிறுநீரகம் சட்டென்று படுத்துவிடலாம், அதுவும் சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ கேட்கவே வேண்டாம். வயதானவர்களுக்கு வயிற்றில் புண் வந்தால் வலி என்ற முன்னறிவிப்பே இல்லாமல் நேரே ரத்தம் கசியலாம். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா என்று அத்தையிடம் கேளுங்கள், கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருந்திருப்பார். அட்டையில் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் என்று இருந்தால் இந்த மாத்திரையை இன்றோடு நிறுத்தலாம், பொடி மாதிரி இதைக் குறைத்துக் குறைத்து நிறுத்தத் தேவையில்லை.

மருத்துவமனைக்குப் போகும்போதே கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின், மூன்று மாதச் சர்க்கரை அளவு, முடிந்தால் வைட்டமின் பி12 எல்லாம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கால் வீக்கம் இருந்தால் அதையும் காட்டுங்கள். வீக்கம் சிறுநீரகத்தாலும் வரும், ஆம்லோடிப்பின் என்ற பிரஷர் மாத்திரையாலும் வரும், இதயத்தாலும் வரும், வீட்டில் உட்கார்ந்துகொண்டு நாம் தீர்ப்பு சொல்ல முடியாது.

தினமும் கொடுத்தாலும் ஆபத்தில்லாத மாத்திரை எது என்று கேட்டீர்கள். உள்ளதிலேயே குறைந்த ஆபத்து பாரசிட்டமால். கல்லீரல் கோளாறு இல்லையென்றால் 650 மில்லிகிராம் ஒரு வேளைக்கு ஒன்று, இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 6 மணி நேரம், ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். அத்தை ரொம்ப மெலிந்தவரென்றால் அளவை மருத்துவரே சொல்லட்டும். சளி, காய்ச்சலுக்கு வாங்கும் பல மாத்திரைகளிலும் இதே பாரசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், முட்டித் தேய்மானத்துக்குப் பாரசிட்டமால் பெரிதாகக் கேட்பதில்லை. பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் என்ற அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம், வேறு மருந்து ஒத்துக்கொள்ளாதபோது எப்போதாவது, கொஞ்ச நாளைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறது. முட்டிக்கு அவர்கள் முதலில் சொல்வது உடற்பயிற்சி, மருந்து வேண்டுமென்றால் மேலே தடவும் வலிக்களிம்பு. அதனால் பாரசிட்டமாலைக் காலை, மதியம், இரவு என்று சடங்குபோலக் கொடுக்காமல், குளிக்கப் போவதற்கோ பயிற்சிக்கோ அரை மணி, முக்கால் மணி முன்னால் ஒன்று என்று வேலையைப் பார்த்துக் கொடுங்கள். டைக்ளோஃபெனாக் ஜெல் தோல் வழியாகப் போவதால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. சிறுநீரகப் பரிசோதனை முடிவு வந்து மருத்துவர் சரி என்றால் முட்டியைச் சுற்றி ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை தடவலாம், புண் இருக்கிற இடத்தில் கூடாது, தடவிய உடனே சூடு வைக்கக் கூடாது, தடவிய கையைக் கழுவ வேண்டும்.

டிரமடால் என்ற வீரியமான வலி மாத்திரையை யாராவது எழுதிக் கொடுத்தால் தலைசுற்றல், மலச்சிக்கல், விழுந்துவிடும் ஆபத்து எல்லாம் கூடவே வரும் என்பதைத் தெரிந்துகொண்டு, எத்தனை நாளைக்கு என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். இன்னொன்று, வைட்டமின் டி 60,000 யூனிட் மாத்திரை வாரம் ஒன்றுதான். தினமும் ஒன்று என்று நினைத்து முழுங்கிவிடுகிறவர்கள் உண்டு, அட்டையிலேயே கிழமையை எழுதி வையுங்கள்.

ராத்திரி பாத எரிச்சல் தனிக் கதை. முட்டி வலியும் இதுவும் ஒன்றல்ல, இது நரம்பு வலி. சர்க்கரை பல வருஷம் கட்டுக்கு மேலே ஓடினால் பாத நரம்பு கெட்டு எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு வரும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைந்தும் இதே மாதிரி வரும், அது ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யக்கூடியது, அதனால்தான் பி12 பார்க்கச் சொன்னேன். டைக்ளோஃபெனாக்கோ பாரசிட்டமாலோ நரம்பு எரிச்சலுக்குக் கேட்காது. கேபாபென்டின், பிரீகேபலின் மாதிரி மருந்துகள் இருக்கின்றன, சிறுநீரகத்தைப் பார்த்து அளவு வைக்க வேண்டியவை, தூக்கக் கலக்கம் தரக்கூடியவை. மருத்துவர் எழுதினால் குறைந்த அளவில் இரவில் ஆரம்பிப்பார், முதல் சில நாள் அத்தை ராத்திரி எழுந்து போகும்போது நீங்களும் கூட எழுந்துகொள்ளுங்கள். மரத்துப்போன பாதத்தில் சூடு தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. வெறுங்காலோடு கொல்லைக்குப் போகவிடாதீர்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற செருப்பு உண்டு, அரசு மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள், வெளியிலும் கிடைக்கும், பின்பட்டை உள்ளதாக வாங்குங்கள். தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும், அத்தையால் குனிந்து பார்க்க முடியாது.

அப்புறம் ஒத்தடம். தவிட்டு ஒத்தடம், உப்பு ஒத்தடம், நொச்சி இலை போட்ட வெந்நீர் எல்லாம் முட்டிக்கும் இடுப்புக்கும் இதமானவைதான், தாராளமாகக் கொடுங்கள், பதினைந்து இருபது நிமிஷம். மூட்டையை முதலில் உங்கள் முழங்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அத்தைக்கு வைக்க வேண்டும், பாதத்தில் வைக்கவே கூடாது. தைலம் தேய்ப்பதால் தேய்ந்த எலும்பு வளராது, ஆனால் ஒரு கை வந்து காலைப் பிடித்துவிடுவதே பெரிய ஆறுதல், அந்தப் பத்து நிமிஷத்தில் அத்தை பேசுவதையும் கேட்கலாம்.

நீங்கள் அன்போடு செய்துவரும் ஒரு காரியம் அத்தைக்குக் கெடுதலாகப் போய்க்கொண்டிருக்கிறது. எல்லா வேலையையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டதைத்தான் சொல்கிறேன். குறுவை, சம்பா, தாளடி என்று வருஷம் முழுக்கச் சேற்றில் குனிந்து நட்டவர், அறுவடைக்குப் பின் உளுந்து பறிக்கக் குந்தியே நகர்ந்தவர், அந்த உடம்பை ஒரேயடியாகக் கட்டிலில் போட்டால் தொடைத் தசை வாரக்கணக்கிலேயே வற்ற ஆரம்பித்துவிடும். முட்டியைத் தாங்கிப் பிடிப்பது அந்தத் தசைதான். ஓய்வு எடுத்தால் முட்டி தேறும் என்பது நம் ஊரில் எல்லோரும் நம்புவது, தேய்மானத்தில் அது நேர்மாறாகத்தான் வேலை செய்யும். ஆகவே வேலையைத் திருப்பிக் கொடுங்கள், குனியாத, குந்தாத வேலையாக. சேரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வது, அரிசி புடைப்பது, பூ கட்டுவது, பேரப்பிள்ளையைத் தெருமுனை வரை கூட்டிப்போவது. ஒரே மூச்சில் முடிக்கும் பழக்கம் நம் பெண்களுக்கு உண்டு, வலி வந்தபிறகுதான் நிமிர்வார்கள். அதை மட்டும் மாற்ற வேண்டும். இருபது நிமிஷம் வேலை, எழுந்து நாலு எட்டு நடை, கொஞ்சம் சாய்ந்திருந்துவிட்டு மறுபடி வேலை. நன்றாக இருக்கிற நாளில் மூன்று நாள் வேலையை ஒரே நாளில் செய்துவிட்டு மறுநாள் படுத்துவிடுவதும் கூடாது, வலிக்கிற நாளில் ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் கூடாது.

பயிற்சிக்கு வருகிறேன், என்னைக் கேட்டால் இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் உங்களால் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். திண்ணையிலோ கைப்பிடி உள்ள சேரிலோ அத்தை நன்றாகச் சாய்ந்து உட்காரட்டும். ஒரு காலை மெதுவாக நேரே நீட்டி, தொடை இறுகுவது தெரியும்படி ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பத்து முடியாவிட்டால் மூன்றில் ஆரம்பிக்கலாம், அவமானமில்லை. படுத்திருக்கும்போது ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, துண்டைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணுவது இன்னொன்று. இடுப்புக்கு, கட்டிலில் மல்லாந்து படுத்து இரண்டு முட்டியையும் மடக்கி வைத்துக்கொண்டு அவற்றைச் சேர்த்து மெல்ல இடதும் வலதுமாகச் சாய்க்க வேண்டும். இரண்டு வாரம் இது பழகியபிறகு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, உயரமான இருக்கையிலிருந்து கையை ஊன்றி எழுந்து உட்காருவது ஐந்து முறை. மூச்சை அடக்கக் கூடாது, எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், மூச்சு தானாக ஓடும்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். அது எதையும் கிழிக்கிற வலி இல்லை. மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் சரியான அளவில்தான் செய்திருக்கிறார், மறுநாளும் கூடுதலாக வலித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், விட்டுவிடாதீர்கள். ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் ஆகும் பலன் தெரிய, இரண்டாம் வாரத்தில் 'ஒண்ணும் பிரயோஜனம் இல்ல' என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோதே அதில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுப்பதும் சேர்ந்ததுதான். மாத்திரை கொண்டுவரும் அம்மாவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 'பிசியோதெரபிஸ்டு வரணும், எழுதிக்குங்க' என்று கேளுங்கள். பலருக்கு இது தெரியாததால் கேட்பதே இல்லை.

இடுப்பு பெல்ட்டை அத்தை போட்டிருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஆறேழு வருஷ இடுப்பு வலி என்றால் வீட்டில் ஒரு பெல்ட் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதல், பெல்ட்டையும் இடுப்பை இழுத்துக் கட்டும் டிராக்ஷனையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. கழற்றி வைக்கலாம்.

வீட்டில் சில மாற்றங்கள் உடனே வேண்டும், ஆபரேஷனுக்குச் சேர்க்கிற பணத்தில் கால்வாசிகூட ஆகாது. பாயில் படுப்பதை நிறுத்துங்கள், தரையிலிருந்து எழுவதுதான் முட்டிக்குப் பெரிய தண்டனை. கயிற்றுக் கட்டில் குழிவிழுந்து இறங்கியிருந்தால் அதுவும் வேண்டாம், பலகைக் கட்டில் நல்லது. உட்காரும் சேர் தாழ்வாக இருந்தால் அதே மாதிரி இன்னொரு பிளாஸ்டிக் சேரை அதனுள் அடுக்கிவிடுங்கள், உயரம் கூடி எழுவது சுலபமாகும், ஆடாமல் நிற்கிறதா என்று நீங்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள். கழிப்பறையில் குந்த முடியாமல்தான் பல வயதான பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள், அதிலிருந்து மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. பீங்கானுக்கு மேலே நிறுத்துகிற கமோடு சேர் மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கிறது, சுவரில் ஒரு கம்பியும் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பதித்துவிடுங்கள். கொல்லைப்புறத்துக்குப் போகும் வழியில் ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றத்திலும் கிணற்றடியிலும் பாசி பிடிக்கும், தீபாவளிக்கு முன்னாலேயே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுங்கள். ஒரு தடவை விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் இதுவரை பேசியதெல்லாம் வீண்.

கைத்தடியை மானக்கேடாக நினைப்பார். வாங்கிக் கொடுக்கும்போதே சரியான உயரத்தில் வாங்குங்கள், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை இருக்கும் உயரம். அதிகம் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும், வலது முட்டி மோசமென்றால் இடது கை. நிறையப் பேர் தப்பாகப் பிடித்துக்கொண்டு தடி உதவவில்லை என்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

ஆபரேஷன் பற்றி உங்கள் கணவருக்கு: இப்போது இல்லை. சர்க்கரை ஏறியிருக்கும்போது, ஸ்டீராய்டு சந்தேகம் இருக்கும்போது எந்த அறுவை மருத்துவரும் கத்தி வைக்க மாட்டார், புண் ஆறாது, தொற்று வரும். வயது மட்டும் தடை இல்லை. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து, சர்க்கரை கட்டுக்குள் வந்து, அதன்பிறகும் வலியால் தூக்கம் போகிறது, வீட்டுக்குள்ளேயே நடக்க முடியவில்லை என்றால் முட்டி மாற்று அறுவை நல்ல சிகிச்சைதான், அப்போது காப்பீட்டு அட்டையோடு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவைக் கேளுங்கள். இப்போது வலுவாக்கும் தொடைத் தசை அறுவைக்குப் பின்னும் உதவும், எதுவும் வீணாகாது. ஆனால் முட்டி மாற்றினால் இடுப்பு வலியும் பாத எரிச்சலும் போகாது, அதை முன்கூட்டியே அத்தைக்குச் சொல்லிவிட வேண்டும்.

இத்தனை பேசியபிறகும் சில விஷயங்களுக்கு வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. முட்டி திடீரென்று வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வந்தால், காலில் பலம் போய் சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனால், விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டால், மலம் கறுத்தால், சிறுநீர் குறைந்தால், ஒன்றும் தூக்காமலேயே முதுகில் சுரீரென்று புது வலி வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. நெஞ்சிலோ தோளிலோ தாடையிலோ பாரம்போல வலி, வியர்வை என்றால் 108. சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலும் வரும், 'கைவலிதானே' என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

கடைசியாக உங்கள் நாத்தனார் விஷயம். குறை சொல்கிறவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவரும் அம்மாவைப் பார்த்துப் பதறித்தான் பேசுகிறார். இந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்டுங்கள், அல்லது அனுப்பிவிடுங்கள். மாதத்தில் ஒரு வாரம் வந்து தங்கி, காலைப் பயிற்சியையும் ராத்திரி பாதம் பார்ப்பதையும் அவரே செய்யட்டும், அந்த வாரம் நீங்கள் உங்கள் அம்மா வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கிவிட்டு வாருங்கள். கணவர் திருப்பூரிலிருந்து செய்யக்கூடியது ஒன்று உண்டு, தினமும் சாயங்காலம் அம்மாவுக்கு ஒரு போன், அதில் பயிற்சி எண்ணிக்கையைக் கேட்பது. மகன் கேட்டால் செய்துவிடுவார்கள், மருமகள் சொன்னால் நாளைக்கு என்பார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் கிரியாட்டினின், பி12 அளவையும், அத்தை எங்கே போக ஆசைப்படுகிறார் என்பதையும் எனக்கு எழுதுங்கள், அடுத்த மூன்று மாதத்துக்கு அதை வைத்துத் திட்டம் போட்டுத் தருகிறேன்.